அட்டவணையில் நிறம்: நிபந்தனைசார் வடிவமைப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணக்கேட்டின் பக்கமொன்றை நோக்கும் ஒருவரது கண் அதிலுள்ள எல்லா எண்களையும் ஒரே அளவிற் கவனிப்பதில்லை. நூறு எண்கள் கறுப்பு மையில் எழுதப்பட்டிருக்க, ஓர் எண் மட்டும் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்குமாயின், வாசிக்கத் தொடங்கு முன்னரே கண் அவ்வெண்ணிற் சென்று பதிகின்றது. இவ்வியல்பை அறிந்தே எழுத்தரும் வணிகரும் ஆசிரியரும் நெடுங்காலமாக நிறத்தைக் கையாண்டு வந்துள்ளனர். ஆயின், எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை அண்மைக் காலம் வரை ஒவ்வொரு தடவையும் ஒரு மனிதரே முடிவுசெய்து தம் கையாலேயே இட்டார். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறியது. கணினி விரிதாளில் விதியொன்றை ஒரு முறை எழுதிவிட்டால், அவ்விதிக்கு உட்படும் கலங்கள் யாவும் தாமாகவே நிறம் பெறலாயின. இவ்வசதியே நிபந்தனைசார் வடிவமைப்பு எனப்படுகின்றது.

அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவமனைகளிலும் நாள்தோறும் பயன்படும் இவ்வசதி, வரலாற்று மாணவரின் கவனத்துக்குரிய பொருளாக இதுவரை பெரிதும் கருதப்படவில்லை. அதனை வெறும் அலங்காரமாகக் கொள்வதே இதற்குக் காரணம் எனலாம். ஆனால் ஒரு கலம் சிவப்பாவது அலங்காரமன்று. அது ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்பை வழங்குபவர் யார், எந்த அளவுகோலைக் கொண்டு வழங்குகின்றார், அவ்வளவுகோல் வாசகருக்குப் புலப்படுகின்றதா என்னும் வினாக்களை முன்வைத்து, அட்டவணையில் நிறம் பெற்றுள்ள இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மையும் பொருளும்

எழுத்தில் இரு நிற மைகளைப் பயன்படுத்தும் வழக்கம் மிகப் பழைமையானது. பண்டைய எகிப்திய எழுத்தர் கறுப்பு, சிவப்பு என்னும் இரு மைகளையும் தம்முடன் வைத்திருந்தனர். கி. மு. 1550 ஆம் ஆண்டளவில் ஆமெஸ் என்னும் எழுத்தராற் படியெடுக்கப்பட்டதும், இன்று ரைண்ட் பப்பிரசு என வழங்கப்படுவதுமான கணித ஏட்டிலே தலைப்புக்களைச் சிவப்பு மை வேறுபடுத்திக் காட்டுகின்றது. இங்கே சிவப்பு நட்டத்தையோ தவறையோ குறிக்கவில்லை. 'இங்கிருந்து தொடங்குக' என்பதே அதன் பொருள்.

சீனத்தில் இதற்கு முற்றிலும் வேறானதொரு பொருள் சிவப்புக்கு இருந்தது. 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்னும் நூலுக்கு லியூ ஹுய் என்பவர் கி. பி. 263 இல் எழுதிய உரையில், எண்ணுங்கோல்களுட் சிவப்பு நிறத்தன நேர் எண்களையும் கறுப்பு நிறத்தன மறை எண்களையும் குறிக்குமெனக் கூறப்படுகின்றது. ஐரோப்பியக் கணக்கேட்டில் வேரூன்றிய வழக்கத்துக்கு இது நேர் எதிரானது. இவ்வேறுபாடு பழங்கதையாகப் போய்விடவுமில்லை. சீனாவிலும் யப்பானிலும் பங்குச் சந்தையின் விலைப் பலகையிலே சிவப்பு விலையேற்றத்தைக் குறிக்க, ஐக்கிய அமெரிக்காவில் அதே நிறம் வீழ்ச்சியைக் குறிக்கின்றது. ஆகவே சிவப்பு இயல்பாகவே தீமையை உணர்த்தும் நிறமென்பது பொருந்தாது. நிறத்தின் பொருள் ஒரு சமூகம் தனக்குள் வகுத்துக்கொண்ட உடன்பாடேயாகும்.

ஐரோப்பாவில் வணிகக் கணக்கியல் வளர்ந்த வரலாற்றில் 1494 ஆம் ஆண்டு முக்கியமானது. லூக்கா பாசியோலி என்னும் துறவி வெனிசு வணிகர் கைக்கொண்ட இரட்டைப் பதிவு முறையை விளக்கும் பகுதியொன்றைத் தமது கணித நூலிற் சேர்த்து அந்நகரில் அச்சிட்டது அவ்வாண்டிலேயே. அம்முறையில் வரவும் செலவும் இடத்தினாலேயே வேறுபடுத்தப்பட்டன. ஒன்று இடப்புறம், மற்றையது வலப்புறம். நிறத்துக்கு அங்கு தேவை இருக்கவில்லை. பிற்காலத்தில், கழிக்கப்பட வேண்டிய தொகையையும் குறைநிலுவையையும் சிவப்பு மையில் எழுதும் வழக்கம் பரவியது. நட்டத்தில் இயங்கும் நிறுவனத்தைச் 'சிவப்பில் உள்ளது' என ஆங்கிலத்திற் குறிப்பது இவ்வழக்கத்தின் எச்சமாகும். சிவப்பு மை கிட்டாதவிடத்து மறை எண்ணை அடைப்புக்குறிக்குள் இடுவதும் கணக்காளரிடையே நிலைபெற்றது. இலங்கைப் பாடசாலைகளிலும் சித்தியெய்தாத பாடத்தின் புள்ளியைச் சிவப்பு மையினால் எழுதுவதோ அடிக்கோடிடுவதோ பலரும் அறிந்ததொன்றாகும்.

இவ்வழக்கங்கள் யாவற்றுக்கும் பொதுவான ஓரியல்பு இங்கு அவதானிக்கத்தக்கது. சிவப்பு மையைத் தொட்டு எழுதியவர், எழுதும் அக்கணத்திலே அந்த எண்ணைப் பார்த்தார். முப்பத்தொன்பது புள்ளி பெற்ற மாணவனின் பெயருக்கு நேரே பேனாவை வைத்த ஆசிரியர், அவன் நோயுற்றிருந்ததை நினைத்து ஒரு கணம் தயங்கவும் கூடும். நிறமும் தீர்ப்பும் ஒரே கையில் இருந்தன. அக்கை யாருடையதென்பதும் தெரிந்திருந்தது.

பாரிசின் நிறமிட்ட அட்டவணை

எண்ணின் எழுத்துக்கு நிறமிடுவதிலிருந்து, எண்ணுக்குரிய கட்டத்துக்கே நிறமிடும் நிலைக்கு வந்தமை அடுத்த கட்டமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிற் புள்ளிவிபரவியல் அரசாங்கங்களின் கருவியாக வளர்ந்தபோது, பெருந்தொகையான எண்களை ஒரே பார்வையில் விளங்கிக்கொள்ளும் தேவை எழுந்தது. 1873 இல் தூசேன் லுவா என்பவர் பாரிசு நகரின் மக்கள் தொகை பற்றி வெளியிட்ட புள்ளிவிபரப் படத்தொகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அந்நகரின் இருபது வட்டாரங்களைப் பற்றிய பல தனித்தனிப் படங்களை அவர் ஒரே அட்டவணையாகச் சுருக்கினார். வட்டாரங்கள் ஒரு திசையிலும், மக்களின் பிறப்பிடம், தொழில், வயது முதலான இயல்புகள் மறு திசையிலும் அமைய, ஒவ்வொரு கட்டமும் வெண்மையிலிருந்து மஞ்சள், நீலம் என்பவற்றினூடாகச் சிவப்பு வரை அளவுக்கேற்ப நிறம் பெற்றது.

கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, பெறுமானத்தின் அளவுக்கேற்ப நிறம் என்னும் விதி இங்கு முழுமை பெற்றுவிட்டது. விதி எழுதப்பட்டிருந்தது, ஆயினும் அதனை நிறைவேற்றியது மனிதக் கையே. பின்னர், 1967 இல் வெளிவந்த வரைபடக் குறியியல் பற்றிய நூலிலே, பிரெஞ்சுப் புவியியலாளரும் படவரைவியலாளருமாகிய சாக் பேர்த்தன் இவ்வகை அட்டவணைகளின் நிரை, நிரல்களை இடம்மாற்றி ஒத்தனவற்றை அருகருகே வைப்பதன் மூலம் மறைந்துள்ள ஒழுங்குகளை வெளிக்கொணரலாமெனக் காட்டினார். அவருடைய முறைக்கும் கையுழைப்பே ஆதாரமாயிருந்தது.

கரும்பலகையிலிருந்து கணினித் திரைக்கு

'விரிதாள்' என்பது கணினிக்கு முன்னரே வழங்கிய பெயர். ஏட்டின் இரு பக்கங்களுக்கும் குறுக்காக விரியும் அகன்ற தாளிற் செலவினங்களை நிரல் நிரலாகப் பிரித்தெழுதுவதைக் கணக்காளர் அப்பெயராற் குறித்தனர். இத்தாளின் பெருங்குறை யாதெனில், ஓர் எண் மாறினால் அதனோடு தொடர்புடைய கூட்டுத்தொகைகள் அனைத்தையும் அழித்து மீண்டும் எழுதவேண்டியிருந்தமையாகும். 1961 இல் றிச்சார்ட் மற்றேசிச் என்னும் அறிஞர் நிறுவனமொன்றின் பாதீட்டைக் கணினியிற் கணிக்கும் மாதிரியை எடுத்துரைத்தார். எனினும் அக்காலக் கணினிகள் சாதாரண எழுதுவினைஞரின் மேசைக்கு வரக்கூடியனவாக இருக்கவில்லை.

1978 இல் ஹாவார்ட் வணிகக் கல்லூரியின் மாணவராயிருந்த டான் பிறிக்லின், விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதிய கணக்கில் ஓர் எண் மாறும்போதெல்லாம் ஏனையவற்றையும் அழித்தெழுத நேர்ந்ததைக் கண்டு, எண்கள் தாமாகவே திருந்திக்கொள்ளும் மின்னியற் பலகையொன்றைக் கற்பனை செய்தார். அவரும் நண்பர் பொப் பிராங்ஸ்ரனும் உருவாக்கிய விசிகல்க் என்னும் மென்பொருள் 1979 இல் அப்பிள் II கணினிக்கென விற்பனைக்கு வந்தது. 63 நிரல்களும் 254 நிரைகளும் கொண்ட அவ்விரிதாள், அதுவரை விளையாட்டுப் பொருளாக எண்ணப்பட்ட சிறு கணினியை வணிகக் கருவியாக மாற்றியது. 1983 சனவரியில் மிச் கேப்பரின் நிறுவனம் ஐ.பி.எம். தனியாட் கணினிக்கென வெளியிட்ட லோட்டஸ் 1-2-3 விரைவில் அதன் இடத்தைப் பிடித்தது. மைக்ரோசொவ்ட் நிறுவனத்தின் எக்செல், 1985 இல் மக்கின்ரோஷ் கணினியிலும் 1987 இல் விண்டோஸ் இயங்குதளத்திலும் தோன்றியது.

விசிகல்க்கின் திரையில் எழுத்துக்கள் ஒரே நிறத்தினவாகவே இருந்தன. ஆகவே விரிதாள் கணினிக்குட் புகுந்தபோது சிவப்பு மையை வெளியே விட்டுவிட்டே புகுந்தது எனலாம். ஆயின் நிறமில்லாமை மட்டும் பிரச்சினையன்று. நிறத்திரைகள் வந்த பின்னரும் ஓர் இடர் எஞ்சியது. காகிதத்தில் எழுதிய எண் அசையாது. அதற்கு இட்ட சிவப்பும் அசையாது. கணினி விரிதாளிலோ எண் நிலையற்றது. ஒரு கலத்தில் வட்டி வீதத்தை மாற்றினால் நூறு கலங்களின் பெறுமானங்கள் உடனே மாறுகின்றன. நேற்று நட்டங்காட்டிய கலம் இன்று இலாபங்காட்டக்கூடும். கையால் இடப்பட்ட சிவப்பு அவ்விடத்திலேயே நின்று பொய்யுரைக்கும். எண் தானாக மாறத் தொடங்கியபோதே நிறமும் தானாக மாறவேண்டிய கட்டாயம் பிறந்துவிட்டது. நிபந்தனைசார் வடிவமைப்பின் தோற்றத்துக்கான அடிப்படைக் காரணம் இதுவேயாகும்.

மூன்று நிபந்தனைகள்

இதன் முதல் வடிவம் எண்ணுக்குரிய வடிவமைப்புக் குறியீட்டினுள்ளே அமைந்தது. எக்செலில் நேர் எண், மறை எண், பூச்சியம் ஆகியவற்றுக்கு வெவ்வேறு தோற்றங்களை அரைப்புள்ளியாற் பிரித்தெழுதி, மறை எண்ணுக்குரிய பகுதியின் முன்னே சதுர அடைப்புக்குறிக்குள் நிறத்தின் பெயரைச் சேர்த்தால், அவ்வெண் மறையாகும் போதெல்லாம் சிவப்பாகத் தோன்றும். கணக்காளரின் பழைய சிவப்பு மை இவ்வாறு குறியீடாக மறுபிறப்பெடுத்தது. ஆயினும் நிறம் எழுத்தை மட்டுமே சார்ந்திருந்தது. கலத்தின் பின்னணியைத் தொடவில்லை.

எக்செல் 97 என்னும் பதிப்பிலேயே நிபந்தனைசார் வடிவமைப்பு அப்பெயருடன் தனி வசதியாக இடம்பெற்றது. ஒரு கலத்துக்கு மூன்று நிபந்தனைகள் வரை விதிக்கலாம். அக்கலத்தின் பெறுமானத்தை ஓர் எல்லையோடு ஒப்பிடுவது ஒரு வகை. உண்மை அல்லது பொய் என விடைதரும் சூத்திரமொன்றை எழுதுவது மற்றொரு வகை. பின்னையது ஆற்றல் மிக்கது. ஏனெனில் ஒரு கலத்தின் நிறத்தை வேறொரு கலத்தின் பெறுமானம் தீர்மானிக்க அது வழிசெய்தது. கடன் திருப்பவேண்டிய திகதி கடந்திருந்து, செலுத்திய தொகைக்குரிய கலம் வெறுமையாகவும் இருப்பின், கடனாளியின் பெயர் உள்ள நிரை முழுவதையும் சிவப்பாக்குவது இவ்வழியாற் கைகூடியது. நிபந்தனைகள் மேலிருந்து கீழாகப் பரிசோதிக்கப்பட்டன. முதலில் உண்மையாகும் நிபந்தனையின் வடிவமே கலத்துக்குக் கிடைத்தது. ஆகவே நிபந்தனைகளின் வரிசையே முடிவை மாற்றவல்லதாயிருந்தது. 'ஐம்பதுக்கு மேல்' என்பது முதலிலும் 'எழுபத்தைந்துக்கு மேல்' என்பது அடுத்தும் எழுதப்பட்டால், தொண்ணூறு என்னும் பெறுமானம் முதலாவதிலேயே அடங்கிவிட, இரண்டாவது நிபந்தனை ஒருபோதும் செயற்படமாட்டாது.

எக்செல் 2007 இப்பரப்பை மிகவும் விரித்தது. மூன்று நிபந்தனை என்னும் வரம்பு நீங்கியது. ஒரு தாளின் நிரைகள் 65,536 இலிருந்து 10,48,576 ஆகவும், நிரல்கள் 256 இலிருந்து 16,384 ஆகவும் பெருகின. பெறுமானத்துக்கேற்ப நிறம் படிப்படியாக மாறும் நிற அளவுத்திட்டம், கலத்தினுள்ளே நீளும் தரவுப் பட்டை, அம்புக்குறிகளும் போக்குவரத்து விளக்குகளும் போன்ற சின்னத் தொகுதி ஆகிய மூன்றும் புதிதாய்ச் சேர்ந்தன. லுவா 1873 இற் கையால் இட்ட நிறங்களை எந்த எழுதுவினைஞரும் இரண்டு மூன்று சொடுக்குகளில் இடக்கூடிய காலம் வந்தது.

இவ்வசதியின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. இருமுறை பதியப்பட்ட பெயரையும், வெறுமையாக விடப்பட்ட கலத்தையும், கையிருப்பு முடிவடையவுள்ள மருந்தையும் ஆயிரக்கணக்கான நிரைகளுள் ஒரு நொடியில் அது காட்டித் தருகின்றது. சோர்வடைந்த மனிதக் கண் தவறவிடுவதை விதி தவறவிடுவதில்லை. எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளப்பதால், தனிப்பட்ட விருப்பு வெறுப்புக்கும் அங்கு இடம் குறைவு. தயங்கக்கூடிய ஆசிரியரின் கை இரக்கத்தினால் மட்டுமன்றிப் பகையினாலும் தயங்கலாமன்றோ? எனவே பழைய முறையை மேன்மைப்படுத்திப் புதியதை இகழ்வது வரலாற்று நோக்காகாது. மாற்றத்தினால் எது பெறப்பட்டது, எது மறைக்கப்பட்டது என்பதையே நுணுகி நோக்கவேண்டும்.

ஒப்பீட்டு விதியும் அதன் விளைவும்

மறைக்கப்பட்டதை விளங்கிக்கொள்ள எளிய கணக்கொன்று போதுமானது. மூன்று மாணவர் முறையே 92, 95, 98 புள்ளிகளைப் பெற்றுள்ளனர் எனக் கொள்வோம். இவ்வெண்களுக்கு மூன்று விளக்குகள் கொண்ட சின்னத் தொகுதியை இட்டு, வேறெந்த விதியையும் குறிப்பிடாது விட்டால், எக்செல் தானாகவே ஒரு விதியைக் கைக்கொள்கின்றது. மிகச்சிறிய பெறுமானத்துக்கும் மிகப்பெரியதற்கும் இடைப்பட்ட வீச்சிலே 33 வீதத்துக்குக் கீழுள்ளவை சிவப்பு, 67 வீதமும் அதற்கு மேலும் பச்சை, இடைப்பட்டவை மஞ்சள் என்பதே அவ்விதி. இதன்படி 92 சிவப்பு; 95 மஞ்சள்; 98 பச்சை. இனி வேறு மூன்று மாணவர் 12, 15, 18 புள்ளிகளைப் பெற்றுள்ளனர் எனக் கொள்வோம். அங்கும் அதே சிவப்பு, அதே மஞ்சள், அதே பச்சை. முதற் கூட்டத்தில் எவரும் தோல்வியடையவில்லை. இரண்டாவதில் எவரும் சித்தியடையவில்லை. ஆயினும் இரு அட்டவணைகளும் ஒரே செய்தியையே கூறுகின்றன.

ஆசிரியர் சிவப்பு மையைத் தொட்டபோது 'நாற்பதுக்குக் குறைவு' என்னும் நிலையான அளவு அவர் மனத்தில் இருந்தது. மேற்கண்ட விதியிலோ நிலையான அளவு எதுவுமில்லை. ஒருவரின் நிறம் அவரது பெறுபேற்றினால் மட்டுமன்றி, அவரோடு ஒரே நிரலில் எழுதப்பட்டவர்களின் பெறுபேற்றினாலும் தீர்மானிக்கப்படுகின்றது. பெறுமானங்கள் எல்லாம் ஒன்றேயானாலன்றி இவ்விதியில் யாராவது ஒருவர் எப்போதும் சிவப்பாகவே இருப்பார். ஊழியரை மதிப்பிடும் அட்டவணையிலோ பாடசாலைகளைத் தரப்படுத்தும் அட்டவணையிலோ இவ்வேறுபாடு சிறியதொன்றன்று. ஒப்பீட்டினாற் கடைசியில் நிற்பவரும் உண்மையிலேயே தவறியவரும் ஒரே நிறத்தைச் சுமக்கின்றனர். அவ்விதியை எழுதியவர் பாடசாலை அதிபருமல்லர், அலுவலக மேலாளருமல்லர். மென்பொருளை ஆக்கியோர் முன்கூட்டியே இட்டுவைத்த விதி அது. அதனை மாற்றும் வழி பட்டியிலுள்ளது. எனினும் மாற்றவேண்டுமென்னும் எண்ணமே பலருக்கு எழுவதில்லை.

தரவுப் பட்டையின் கதையும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. எக்செல் 2007 இல் மிகச்சிறிய பெறுமானத்துக்கும், அது பூச்சியமேயாயினும், ஒரு சிறு பட்டை தோன்றியது. ஒன்றுமில்லாதவிடத்தில் ஏதோ உளதென்னும் தோற்றத்தை அது தந்தது. 2010 ஆம் ஆண்டுப் பதிப்பிலே பட்டையின் நீளம் பெறுமானத்துக்கு ஒத்தமையவும், மறைப் பெறுமானங்கள் அச்சின் எதிர்ப்புறம் நீளவும் திருத்தம் செய்யப்பட்டது. மென்பொருளாரின் தீர்மானங்கள் மாற்றமுடியாத இயற்கை விதிகளல்ல என்பதற்கு இத்திருத்தமே சான்றாகும்.

மேலும், நிறத்தை எல்லோரும் ஒரேவிதமாகக் காண்பதில்லை. நிறக்குருட்டைப் பற்றித் தம் சொந்தப் பார்வையையே சான்றாகக் கொண்டு ஜோன் டால்ற்றன் 1794 இல் மான்செஸ்ரரில் ஆராய்ந்துரைத்தார். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 8 வீதத்தினருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் இடர்ப்பாடு உண்டென இன்று கணிக்கப்பட்டுள்ளது. ஆபத்தையும் பாதுகாப்பையும் இவ்விரு நிறங்களாலேயே பிரிக்கும் அட்டவணை, தன் வாசகருட் சிலரை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றது.

எல்லைக்கோட்டின் அதிகாரம்

நிலையான எல்லையை வகுத்துவிட்டால் இடர்கள் யாவும் நீங்கிவிடுமோ எனின், அதுவும் முற்றாக உண்மையன்று. நாற்பதுக்குக் கீழ் சிவப்பு, நாற்பது முதல் எழுபத்துநான்கு வரை மஞ்சள் என விதித்தால், ஒரு புள்ளியே வேறுபடும் 39 உம் 40 உம் இரு நிறங்களாகின்றன. முப்பத்துநான்கு புள்ளிகள் வேறுபடும் 40 உம் 74 உம் ஒரே நிறமாகின்றன. தொடர்ச்சியாகச் செல்லும் அளவொன்றை எல்லைக்கோடு செங்குத்தான பாறையாகக் காட்டுகின்றது.

பொருளியல் ஆய்வில் இதன் விளைவைக் காட்டும் நிகழ்ச்சியொன்று உண்டு. 2010 இல் பொருளியலாளர்களான கார்மென் றைன்ஹார்ட், கென்னத் றோகொவ் ஆகியோர், இருபது முன்னேறிய நாடுகளின் 1946 முதல் 2009 வரையான தரவுகளை, அரச கடனுக்கும் மொத்த உள்நாட்டு உற்பத்திக்குமுள்ள விகிதத்துக்கேற்ப நான்கு வகுப்புக்களாகப் பிரித்தனர். 90 வீதத்துக்கு மேற்பட்ட வகுப்பிற் சராசரி வளர்ச்சி மறை 0.1 வீதமென அவர்களது விரிதாள் காட்டியது. அரச செலவினத்தைக் குறைக்கவேண்டுமென ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வாதாடியோர் இத்தொண்ணூறு வீத எல்லையை அபாயக் கோடாக எடுத்துக்காட்டினர். 2013 இல் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆமெர்ஸ்ற் வளாகத்திற் பட்டப்பின் படிப்பு மாணவராயிருந்த தோமஸ் ஹேண்டன், ஆய்வாளர்களிடமிருந்தே அவ்விரிதாளைப் பெற்றுச் சூத்திரங்களைப் பரிசோதித்தார். சராசரியைக் கணிக்கும் சூத்திரம் 30 ஆவது நிரையிலிருந்து 49 ஆவது வரை செல்வதற்குப் பதிலாக 44 ஆவதிலேயே நின்றிருந்தது. அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளும் விடுபட்டிருந்தன. இத்தவறோடு, சில ஆண்டுகளின் தரவு விடுபட்டமையையும் நாடுகளுக்கு அளிக்கப்பட்ட நிறையையும் திருத்தி, அவரும் அவரது ஆசிரியர்களான மைக்கல் ஆஷ், றொபேட் பொலின் ஆகியோரும் கணித்தபோது அச்சராசரி நேர் 2.2 வீதமாயிற்று. வேறுபாட்டின் பெரும்பகுதி சூத்திரத் தவறினாலன்றி ஏனைய இரு காரணங்களாலும் நேர்ந்ததென்பதும், மூல ஆய்வாளர்கள் அத்தவறை ஒப்புக்கொண்டு, கடன் மிகும்போது வளர்ச்சி குறைகின்றதென்னும் தம் கருத்தில் நிலைத்து நின்றனர் என்பதும் இங்கு கூறப்படவேண்டியவை.

இந்நிகழ்ச்சியில் நிறம் இடம்பெறவில்லை. ஆனால் நிறமிடும் விதிக்கு உயிரான எல்லைக்கோடு இடம்பெற்றது. எல்லையின் ஒருபுறம் பாதுகாப்பு, மறுபுறம் அழிவு என்னும் தோற்றம் கலையக் காரணமாயிருந்தது, ஒரு மாணவர் கலங்களின் பின்னே எழுதப்பட்டிருந்ததைத் திறந்து வாசித்தமையே.

எல்லையும் நிறமும் ஒன்றுசேரும்போது பசிக்கும் சாவுக்குங்கூட அவை வரைவிலக்கணமாகின்றன. உணவு மற்றும் விவசாய அமைப்பின் கீழ் இயங்கிய ஆய்வுப் பிரிவொன்று 2004 இற் சோமாலியாவுக்கென வகுத்த உணவுப் பாதுகாப்பு நிலை வகைப்பாடு, பின்னர் பல நாடுகளாற் கைக்கொள்ளப்பட்டது. பிரதேசங்களை இளம்பச்சையிலிருந்து கருஞ்சிவப்பு வரை ஐந்து நிறங்களாற் காட்டும் அவ்வகைப்பாட்டிலே, ஐந்தாம் நிலையான பஞ்சத்துக்கு மூன்று நிபந்தனைகள் உள: குடும்பங்களில் 20 வீதமேனும் உணவின் கடும் பற்றாக்குறைக்கு உள்ளாதல், சிறுவர்களில் 30 வீதத்துக்கு மேற்பட்டோர் கடும் போசணைக் குறைவுறுதல், நாளொன்றுக்குப் பதினாயிரம் பேருக்கு இருவர் என்னும் அளவை இறப்பு எட்டுதல். சோமாலியா பற்றிய எச்சரிக்கைகள் 2010 இலேயே விடுக்கப்பட்டிருந்தன. ஆனால் தென் பக்கூல், கீழ் ஷபெல் ஆகிய பகுதிகளிற் பஞ்சமெனப் பிரகடனம் செய்யப்பட்டது 2011 யூலை 20 ஆம் திகதியன்றே. 2010 ஒக்டோபர் முதல் 2012 ஏப்பிரல் வரை ஏறத்தாழ 2,58,000 பேர், அவர்களுள் ஐந்து வயதுக்குக் குறைந்த 1,33,000 குழந்தைகள், அங்கு மாண்டனர் என 2013 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. பிரகடனத்துக்கு முன்னரே மாண்டவர்களும் இத்தொகையுள் அடங்குவர்.

வகைப்பாட்டை வகுத்தோர் இதனை அறியாதவரல்லர். நான்காம் நிலையிலேயே உயிர்காக்கும் உதவி அவசரமாகத் தேவை என்பதே அவர்களது நெறி. எல்லைகளை வெளிப்படையாக எழுதிவைத்தமையும் அவர்களது பெருமையேயாகும்; அதனாலேயே அவற்றை விவாதிக்கவும் முடிகின்றது. குறை, கருஞ்சிவப்பு தோன்றும்வரை காத்திருக்கும் உலகின் கண்ணிலே உள்ளது. பதினாயிரத்துக்கு இருவர் என்பது நிபந்தனையானால், அந்நிபந்தனை நிறைவேறுவதற்கே மனிதர் மாளவேண்டியிருக்கின்றது. செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் இருந்த மாதங்களில் அவ்வட்டவணை பொய்யுரைக்கவில்லை. பார்த்தவர்களே அந்நிறங்களை 'இன்னும் பஞ்சமன்று' என வாசித்தனர்.

முடிவுரை

எகிப்திய எழுத்தரின் சிவப்பு மையிலிருந்து இன்றைய விரிதாள் வரை நோக்குமிடத்து, நிறத்தின் பணி ஒன்றாகவே இருந்துள்ளது: பலவற்றுள் ஒன்றின்பாற் கண்ணை ஈர்த்தல். மாறியது அதனை இடும் கை. முதலில் எழுதுபவரே தீர்ப்பளித்து நிறமிட்டார். லுவாவின் காலத்தில் விதி தீர்ப்பளிக்க, கை நிறமிட்டது. எண்கள் தாமே மாறும் விரிதாள் வந்தபோது விதியே நிறமிடவும் தொடங்கியது. இறுதியில், விதியை எழுதவேண்டிய தேவையும் நீங்கி, மென்பொருளின் ஆயத்த விதியே போதுமென்னும் நிலை ஏற்பட்டது. ஒவ்வொரு படியிலும் வேகம் கூடியது. தீர்ப்பளித்தவர் ஒரு படி பின்னே மறைந்தார்.

மறைந்தவரை மீண்டும் அழைத்துவருவது கடினமன்று. நிறமிட்ட ஒவ்வோர் அட்டவணையின் அடியிலும், எந்த அளவுக்கு எந்த நிறம், அவ்வளவு நிலையானதா ஒப்பீடானதா, அதனை வகுத்தவர் யார், எப்போது என்னும் நான்கு விபரங்களையும் ஓரிரு வரியில் எழுதிவைக்கலாம். நிறத்தோடு எண்ணையும் விட்டுவைத்தால் நிறம் காணாதவரும் வாசிப்பர். சாசனத்தையோ குடிசன மதிப்பு அறிக்கையையோ ஆராயும்போது, இதனை எழுதுவித்தவர் யார், எந்நோக்குடன் எழுதுவித்தார் என வினவுதல் வரலாற்று மாணவர் பயிலும் முதற் பாடமாகும். இனிவரும் காலத்தின் ஆவணங்களிற் பெரும்பகுதி விரிதாள்களாகவே எஞ்சப்போகின்றன. சிவந்திருக்கும் ஒரு கலத்தைக் காணும்போதும் அதே வினாவை எழுப்புதல் அவர்களது கடமையாகும்.